சர்க்கரைக்காரர் கழுத்தில் கத்தி

‘சுகர் இருக்கிற உடம்பில் கத்தி வைக்கக் கூடாது’ என்ற பேச்சு தருமபுரிப் பக்கத்தில் மட்டும் புழங்குவதில்லை. தமிழ்நாடு முழுக்கக் கேட்பதுதான். கண்புரை எடுக்கவோ பல்லைப் பிடுங்கவோ போகிறவர்கள் இன்று அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. கழுத்து, முதுகெலும்பு என்றதும் மட்டும் அது பழைய பலத்தோடு எழுந்து நிற்கிறது. கை மரத்துப் போய், நடை தள்ளாடத் தொடங்கிய பிறகும் வீட்டுப் பெரியவர்கள் கூடி ‘வேண்டாம், சுகர் ஆறவிடாது’ என்று முடிவு செய்கிறார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் வரலாற்றைப் புரட்டினால் அந்தத் தடை கண்ணெதிரே கண்ட சாவுகளிலிருந்து பிறந்த அறிவு என்பது தெரியும். அது பிறந்த காலத்தில் சரியாகவே இருந்தது. 1922ல் இன்சுலின் வந்த பிறகு அதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாக விலகின. வழக்கம் மட்டும் விலகவில்லை. தண்ணீரே எலும்பைக் கெடுக்கும், தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டைச் சுற்றுப்புறத்தில் அந்த வழக்கம் கேட்கும் விலை மற்ற ஊர்களைவிடக் கூடுதல் என்பது என் வாதம்.

தடையின் வேரைத் தேடினால் அதுவும் கழுத்தருகில்தான் கிடைக்கிறது. நீரிழிவுக்காரர்களின் பிடரியிலும் மேல்முதுகிலும் பல கண் வைத்துப் புடைக்கும் கட்டியை ராஜபிளவை என்பார்கள். சுசுருத சங்கிதை பிரமேக நோயாளிகளுக்கு வரும் கட்டிகளுக்கென்று சிகிச்சைப் பகுதியில் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. அதாவது, சர்க்கரையும் கத்தியும் நம் நாட்டு மருத்துவத்தில் முதலில் சந்தித்த இடங்களுள் ஒன்று பிடரி. கீறினால் சீழ் வடியும், சில நாள் நிம்மதி கிடைக்கும். பிறகு புண் ஆறாமல் பரவி ஆளைக் கொண்டுபோகும். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மந்தப்படும், சிறு ரத்தக் குழாய்கள் கெட்டுப் புண்ணுக்குப் போக வேண்டிய ரத்தம் குறையும் என்ற விளக்கம் அன்று யாரிடமும் இல்லை. விளைவு மட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கால் அழுகி விரல் எடுக்கப்பட்டவர்கள், எடுத்த இடம் மறுபடி அழுகி மாண்டவர்கள் என்று ஊருக்குச் சிலர் இருந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் மேலை நாட்டு அறுவை மருத்துவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்திருந்தார்கள். உயிர் போகும் கட்டாயம் வந்தாலொழிய நீரிழிவுக்காரரைத் தொடாமல் இருப்பதே அவர்களுக்கும் விவேகமாகத் தெரிந்தது. கிராமத்துப் பாட்டியும் நகரத்துப் பேராசிரியரும் ஒரே கருத்தில் நின்ற காலம் அது.

இருவரும் பிரிந்த காலத்தைத் துல்லியமாகவே சொல்லலாம். 1921ல் டொரான்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அடுத்த ஆறு ஆண்டுகளுக்குள், 1928ல், மெக்கிட்ரிக், ரூட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் நீரிழிவுக்காரர்களின் அறுவை மருத்துவத்தைப் பற்றியே ஒரு முழு நூல் வெளியிடும் அளவுக்கு நிலைமை மாறிவிட்டது. 1940களில் பென்சிலின் வந்தது. தடையின் இரண்டு பெரிய தூண்களும், அடக்க முடியாத சர்க்கரையும் அடக்க முடியாத கிருமியும், கால் நூற்றாண்டுக்குள் ஆட்டம் கண்டன. தமிழ்நாடு இதில் பின்தங்கி நின்றது என்றும் சொல்ல முடியாது. 1948ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1949ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950ல் சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அதே துறையை நிறுவினார். சர்க்கரையை ஆளும் கலையும் தண்டுவடத்தைத் தொடும் கலையும் இந்த மண்ணில் ஏறக்குறைய ஒன்றாகப் பிறந்தவை. ஆனால் ஒரே நோயாளியின் கட்டிலருகே இரண்டும் வழக்கமாகச் சேர்ந்து நிற்பதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் ஊர்ப்பேச்சு தன் போக்கில் நிலைத்துக்கொண்டது. அறுவை முடிந்து நன்றாக நடந்து வீடு திரும்பியவரைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. புண் ஆறாமல் போனவரின் கதை மூன்று தலைமுறைக்கு வரும்.

இனி ஊருக்கு வருவோம். தருமபுரியிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அதியமான்கோட்டை. தகடூரை ஆண்ட அதியமான்களின் பெயரைத் தாங்கிய ஊர். காலபைரவர் கோயிலால் இன்று வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த ஊர். இந்த வட்டாரத்தின் அடியில் இருப்பது நைஸ், சார்னக்கைட், கிரானைட் வகைப் பழம்பாறை. பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அப்படைட் போன்ற கனிமங்களின் வழியே அந்தப் பாறை புளோரைடைச் சுமக்கிறது. மழை குறைவு, வெயில் அதிகம். பாறை வெடிப்புகளில் நீர் நெடுங்காலம் தங்கிக் கிடக்கிறது. அதில் கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் மிகும்போது புளோரைடு தாராளமாகக் கரைந்து இறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் என்பது இந்தியத் தர அளவு. இந்த மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீர் அதைத் தாண்டியே இருந்துவந்திருக்கிறது. குழந்தைகளின் பல்லில் ஏறும் பழுப்புக் கறை அதன் முதல் அடையாளம். பல பத்தாண்டுகள் குடித்தால் அது எலும்புக்குள் இறங்கும். எலும்பு தடிக்கும், மூட்டைச் சுற்றிய தசைநார்கள் சுண்ணாம்பாகும், முதுகு விறைக்கும், கழுத்தைத் திருப்ப உடம்பையே திருப்ப வேண்டிவரும்.

புளோரோசிஸ் எனப்படும் இந்த நோயை இந்தியாவில் மனிதர்களிடம் முறையாக விவரித்த பெருமையும் சென்னைக்கே சேரும். 1937ல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநராக இருந்த ஷார்ட், மெக்ராபர்ட், பர்னார்ட், நாயர் ஆகியோருடன் சேர்ந்து, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களைப் பற்றி எழுதினார். (சென்னை பொது மருத்துவமனையின் எக்ஸ்ரே நிலையம் இன்றும் தாங்கி நிற்பது அந்த பர்னார்டின் பெயரைத்தான்.) விறைப்பில் தொடங்கி, கூன் விழுந்து, முற்றிய நிலையில் தண்டுவடம் நசுங்கிக் கைகால் விளங்காமல் போகும் வரை அந்த நோயின் போக்கு அப்போதே பதிவாகிவிட்டது. ஆழ்துளைக் கிணறுகள் வந்த பிறகுதான் இந்தக் கேடு வந்தது என்று இப்போது பலர் சொல்கிறார்கள். ஆழம் போகப் போக நிலைமை மோசமானது பல இடங்களில் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஷார்ட் பார்த்தது திறந்த கிணறுகளின் காலம். கிணற்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. பாறை அதற்கு முன்பே அங்கே இருந்தது. எலும்பு நோய் கண்டவர்களில் பத்தில் ஒருவருக்கு நரம்பும் பாதிக்கப்படும் என்று பிற்காலத்தில் பஞ்சாபிலும் ஆந்திரத்திலும் ஆராய்ந்தவர்கள் மதிப்பிட்டார்கள். அப்படி நசுங்கும் இடங்களில் முதன்மையானது கழுத்து.

இந்த நிலத்துக்குள் சர்க்கரை நோய் நுழைந்தது பின்னால். அதியமானின் முன்னோர்தான் தமிழ்நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூறு சொல்கிறது. பாலக்கோட்டில் இன்று சர்க்கரை ஆலையும் இருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு அழகான கதை சொல்லலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். அது பொய்யாகவே முடியும். ஈராயிரம் ஆண்டு கரும்பு விளைந்த மண்ணில் நீரிழிவு பரவியது கடந்த சில பத்தாண்டுகளில்தான். கேழ்வரகும் சாமையும் இருந்த தட்டை அரிசி பிடித்தது, உடலுழைப்பு குறைந்தது, இடுப்புச் சுற்றளவு கூடியது என்ற சாதாரணக் காரணங்களே போதும். 2011ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 10.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. நகரத்தில் 13.7, கிராமத்தில் 7.8. இந்தக் கடைசி எண்தான் இங்கே முக்கியம். ‘பணக்கார வியாதி’ என்று பேர் வாங்கிய நோய், கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த கிராமத்து உடம்புகளுக்குள் போய்விட்டது என்பதற்கு அது சாட்சி.

இரண்டு நோய்களும் ஒரே கழுத்தில் சேர்வதை வெறும் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. கட்டுப்படாத சர்க்கரை தாகத்தைக் கூட்டுகிறது. புளோரைடு உள்ள ஊரில் தாகம் கூடினால் உட்கொள்ளும் புளோரைடும் கூடும். உடம்பிலிருந்து புளோரைடை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகம். நீரிழிவு நாளடைவில் கெடுப்பதும் அந்தச் சிறுநீரகத்தையே. இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. முதுகெலும்புத் தசைநார்கள் எலும்பாக மாறும் போக்கு புளோரைடு இல்லாத ஊர்களிலும் நீரிழிவுக்காரர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. தண்டுவடத்துக்கு முன்னால் ஓடும் நீண்ட தசைநார் எலும்பாவதை 1960ல் ஜப்பானில் விவரித்தார்கள். அங்கே அது அவ்வளவு பரவலாக இருந்ததால் 1970களில் அரசே ஆய்வுக் குழு அமைத்தது. நீரிழிவுக்கும் அதற்கும் உள்ள உறவு தொடர்ந்து வந்த ஆய்வுகளில் தெளிவானது. தருமபுரியில் கழுத்துத் தண்டுவடம் நசுங்கும் ஒவ்வொருவருக்கும் புளோரைடுதான் காரணம் என்று இதனால் ஆகிவிடாது. பெரும்பாலானோருக்கு வயதும் தேய்மானமுமே காரணம். நான் சொல்வது, இந்த மாவட்டத்தில் அந்த நிலைக்கு வந்து சேரப் பாதைகள் அதிகம் என்பதுதான்.

சர்க்கரை செய்யும் பெரிய தீங்கு, என் கணிப்பில், அறுவை அரங்குக்குள் நடப்பதில்லை. அது அரங்குக்கு வெகு முன்னால் நடக்கிறது. கால் மதமதப்பு, பாதத்தில் பஞ்சை மிதிப்பது போன்ற உணர்வு, செருப்பு கழன்றாலும் தெரியாமல் போவது என்று ஒரு நீரிழிவுக்காரர் சொன்னால், கேட்பவர் யாராக இருந்தாலும் ‘சுகர் நரம்பைப் பாதிச்சிருக்கு’ என்று முடித்துவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் கழுத்தில் தண்டுவடம் நசுங்கினாலும் ஆரம்பத்தில் இதே அறிகுறிகள்தான். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கையெழுத்து மாறிவிட்டது, மாவு பிசையும்போது விரல் ஒத்துழைக்கவில்லை என்பவை கழுத்தைக் காட்டும் குறிகள். அவற்றையும் சர்க்கரைக் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். கழுத்து வலிக்கு முடிதிருத்தும் கடையில் சொடுக்கு எடுப்பதும், எண்ணெய் போட்டு நீவுவதும் இடையில் நடக்கும். விறைத்து எலும்பான கழுத்தை வேகமாகத் திருப்புவது எவ்வளவு ஆபத்து என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. இப்படி ஆண்டுகள் கழிந்து, சிறுநீர் அடக்க முடியாமல் போனபிறகு ஸ்கேன் எடுக்கிறார்கள். அதன்பின் அறுவை செய்து பலன் குறைவாக இருந்தால், ‘அப்பவே சொன்னோம்’ என்று வழக்கம் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்கிறது.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஆய்வேடுகளிலிருந்தே வரும். நீரிழிவுக்காரர்களுக்கு விளைவு மோசம் என்றுதானே அவையும் சொல்கின்றன? சொல்கின்றன. 2008ல் வெளியான ஆய்வு ஒன்று, தண்டுவடப் பாதிப்புக்காகக் கழுத்து எலும்பை இணைக்கும் அறுவை செய்துகொண்ட பல்லாயிரம் அமெரிக்கர்களின் மருத்துவமனைப் பதிவுகளை அலசியது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிக்கல்கள் கூடின, மருத்துவமனையில் தங்கும் நாட்கள் கூடின, செலவும் கூடியது. 2014ல் ஜப்பானின் நாகோயாவில் 500க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, அதாவது எச்பிஏ1சி, 6.5க்கு மேல் இருந்தவர்களும், பத்து ஆண்டுக்கு மேல் நீரிழிவோடு வாழ்ந்தவர்களும் குறைவாகவே தேறினார்கள். காயத்தில் கிருமி தொற்றும் வாய்ப்பும் நீரிழிவுக்காரர்களுக்கு அதிகம் என்பதை யாரும் மறுப்பதில்லை. இந்த உண்மைகளை மூடி மறைத்து அறுவைக்கு ஆள் சேர்ப்பது அயோக்கியத்தனம். ஆனால் இந்த ஆய்வுகள் எல்லாம் ஒப்பிடுவது, அறுவை செய்துகொண்ட நீரிழிவுக்காரரை, அறுவை செய்துகொண்ட நீரிழிவில்லாதவரோடு. வீட்டில் கூடிப் பேசும் குடும்பத்தின் முன் இருக்கும் கேள்வி வேறு. அவர்கள் வீட்டுப் பெரியவருக்கு நீரிழிவில்லாத உடம்பு கிடைக்கப்போவதில்லை; அறுவை செய்துகொண்ட அவர், செய்துகொள்ளாத அவர் என்ற இரண்டு பேரில்தான் அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் தெளிவாகவே இருக்கிறது. நாகோயாவிலும், அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்ந்து நடத்தப்பட்ட ஆய்விலும், நீரிழிவுக்காரர்கள் அறுவைக்கு முன்பு இருந்ததைவிடக் கணிசமாக முன்னேறினார்கள். நடுத்தர, கடுமையான தண்டுவடப் பாதிப்புக்கு அறுவையையே 2017ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது. லேசான நிலையில் கண்காணித்துக் காத்திருக்க இடமுண்டு. சும்மா விட்டால் நசுங்கிய தண்டுவடம் தானாகத் தேறுவது அபூர்வம்.

எச்பிஏ1சி பற்றி ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. 1968ல் ஈரானிய மருத்துவர் சாமுவேல் ராபர் நீரிழிவுக்காரர்களின் ரத்தத்தில் கண்டுபிடித்த மாறுபட்ட ஹீமோகுளோபின், மருத்துவருக்கு அருமையான ஆயுதமானது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்று அறுவைக்கு நாள் குறிக்கிறார்கள். திட்டமிட்டு ஒத்திப்போடக்கூடிய அறுவைக்கு அது சரி. நடை வாரத்துக்கு வாரம் மோசமாகும் ஒருவரிடம் ‘அளவு இறங்கட்டும், அப்புறம் வாங்க’ என்று சொல்லி அனுப்புவது, பாட்டியின் தடையை ஆய்வக அறிக்கையில் எழுதித் தருவதற்குச் சமம். மூன்று மாதச் சராசரி இறங்க மூன்று மாதம் ஆகும். அன்றாடச் சர்க்கரையை இன்சுலினால் சில நாளில் கட்டுக்குள் கொண்டுவர முடியும். நாகோயா ஆய்வின் 6.5ஐ நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணாகப் படிப்பவர்கள் அதைத் தவறாகப் படிக்கிறார்கள்.

புளோரைடு ஏறிய கழுத்தை அறுப்பது சாதாரண வேலை இல்லையே என்பது அடுத்த மறுப்பு. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். எலும்பு கல்லாக இறுகியிருக்கும், துளைக்கும் கருவி திணறும், எலும்பான தசைநார் சில வேளை தண்டுவட உறையோடே ஒட்டியிருக்கும். ஆந்திரத்துப் புளோரைடு பகுதிகளில் பல்லாண்டு பணியாற்றிய ஹைதராபாத் நரம்பியல் அறுவை நிபுணர் ராஜா ரெட்டி போன்றோரின் எழுத்துகள் இந்தக் கடினத்தை மறைப்பதில்லை. ஆனால் தாமதத்தால் இந்தக் கடினம் குறைவதில்லை. காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் எலும்பு தடிக்கிறது, தண்டுவடத்தின் எஞ்சிய பலம் குறைகிறது. நீரிழிவால் சிறு ரத்தக் குழாய்கள் கெட்ட தண்டுவடத்துக்கு அந்தக் கையிருப்பு முன்பே குறைவு. ஆகவே நீரிழிவு, காத்திருப்பதற்கான காரணமாக இருக்க முடியாது. விரைந்து முடிவெடுப்பதற்கான காரணமாகவே அதைப் படிக்க வேண்டும்.

வழக்கம், தடை என்றெல்லாம் பேசுவது வசதியானவர்களின் பேச்சு, உண்மையான தடை காசும் தூரமும்தான் என்று ஒருவர் சொன்னால் பாதிக்கு மேல் உண்மை. நெடுங்காலம் தருமபுரிக்காரருக்குத் தண்டுவட அறுவை என்றால் வேலூர், சென்னை, பெங்களூர். சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 1986ல்; தருமபுரியில் 2008ல். ஏழைக் குடும்பங்களின் பெரிய அறுவைச் செலவை அரசுக் காப்பீடு ஏற்றது 2009ல் தொடங்கி. காசில்லாத வீட்டில் ‘கத்தி வைக்கக் கூடாது’ என்ற பேச்சு ஒரு மானம் காக்கும் திரையாகவும் இருந்திருக்கும். முடியாது என்பதை வேண்டாம் என்று சொல்ல அது இடம் கொடுத்தது. ஆனால் திரைக்கான தேவை குறைந்த பிறகும் திரை தொங்குவதைக் காசால் மட்டும் விளக்க முடியவில்லை.

தண்ணீர்ப் பக்கமும் மாற்றம் வந்திருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கர்நாடகத்தின் எதிர்ப்பையும் தாண்டி 2013 மே மாதம் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு நோயின் பெயரையே தாங்கிய குடிநீர்த் திட்டம் தமிழ்நாட்டில் அபூர்வம். அதற்குக் கடன் கொடுத்தது ஜப்பான் என்பதை, கழுத்துத் தசைநார் ஆய்வு வளர்ந்த நாடு அது என்று அறிந்தவர்கள் கவனிக்காமல் இருக்க முடியாது. இனிப் பிறக்கும் குழந்தைகளின் பல்லையும் எலும்பையும் இந்த நீர் காக்கும். 2013க்கு முன்பே நாற்பது, ஐம்பது ஆண்டு கிணற்று நீரைக் குடித்து முடித்தவர்களின் எலும்பில் ஏறிய புளோரைடு அவ்வளவு சீக்கிரம் இறங்காது. நீரிழிவு வரும் வயதில் இன்று இருப்பவர்கள் அவர்களே. அறுவை அரங்குகள் இன்னும் இரண்டு, மூன்று பத்தாண்டுகள் சந்திக்கப்போவது அந்தத் தலைமுறையைத்தான்.

அவர்களைக் காலத்தோடு கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் முதல் கட்டத்தில் வேண்டாம். பத்து விநாடிக்குள் உள்ளங்கையை எத்தனை முறை முழுக்க மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணும் சோதனையை ஜப்பானின் கெய்ரோ ஓனோ 1987ல் எழுதினார். இருபதுக்குக் குறைந்தால் கழுத்தைச் சந்தேகிக்கலாம். நீண்டநாள் நீரிழிவில் விரல் மூட்டுகளே இறுகி எண்ணிக்கை குறைவதும் உண்டு. ஆகவே இது தீர்ப்பு ஆகாது, ஸ்கேனுக்கு அனுப்ப ஒரு காரணம் மட்டுமே. 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரையைக் கொடுத்து அட்டையில் எழுதும் நேரத்தில் கையை மூடித் திறக்கச் சொல்லி எண்ணிவிடலாம். அந்த எண்ணையும் அட்டையில் ஒரு கட்டம் போட்டுக் குறிக்கத் தொடங்கினால், முதலில் தொடங்க வேண்டிய மாவட்டங்கள் தருமபுரியும் கிருஷ்ணகிரியும்தான்.